இரவெல்லாம் விழித்தவர்கள்

பன்றி இறைச்சி என்றதும் நம் நேயர்களில் பாதிப்பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். சற்றுப் பொறுக்க வேண்டும். யாரையும் நான் சாப்பிடச் சொல்லவில்லை, கேட்கத்தான் சொல்கிறேன்.

அமெரிக்காவின் வடக்குக் கரோலினா மாகாணத்தில் பார்பெக்யூ என்பது ஒரு பதார்த்தம் மட்டுமன்று, கட்சியுங்கூட. கிழக்குப் பகுதியார் முழுப் பன்றியையும் தணலில் வாட்டி, காடியும் மிளகாயும் உப்பும் கலந்த சாற்றைத் தெளிப்பார்கள். மேற்கே லெக்ஸிங்டன் நகரத்தாருக்குத் தோள் கறி போதும். ஆனால் சாற்றில் சிறிது தக்காளி சேர வேண்டும். இந்தத் தக்காளியைப் பற்றி நடக்கும் வாதப் பிரதிவாதங்களைக் கேட்டால் மதச் சண்டைகள் தோற்றுவிடும்!

ஓக், ஹிக்கரி கட்டைகளைத் தனியே எரித்து, கனிந்த தணலை மாத்திரம் இறைச்சியின் கீழே பரப்புவார்கள். ஜ்வாலை கூடாது. கொழுப்பு உருகித் தணலில் சொட்ட, அதிலிருந்து எழும் புகையே மணம் கொடுக்கும். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் விறைப்பான நார்ப்பொருள் இளகிப் பசையாகிறது. கொழுப்பின் திகட்டலைக் காடியின் புளிப்பு அடக்குகிறது. அதுவரை யாராவது ஒருவர் தூங்காமல் இருந்தாக வேண்டும்.

யார் அவர்? தென் மாகாணத் தோட்டங்களில் அது அடிமைகளின் வேலை. முன்னாள் அடிமைகளின் நினைவுகளை அமெரிக்க சர்க்கார் 1930-களில் எழுதி வைத்தது. தெற்குக் கரோலினாவைச் சேர்ந்த வெஸ்லி ஜோன்ஸ், நீண்ட குச்சியில் துணியைச் சுற்றி, காடி, மிளகு, வெண்ணெய், பூண்டு சேர்ந்த சாற்றை விடிய விடிய இறைச்சியில் தடவியதை அதில் விவரித்திருக்கிறார்.

அடிமைத்தனம் 1865-ல் ஒழிந்தது. ஆனால் சமைத்தவருக்குப் பந்தியில் இடம் வந்ததா? அலபாமா மாகாணத்துப் பர்மிங்ஹாமில் ஓலீஸ் பார்பெக்யூ என்று ஒரு கடை. அதன் 36 சிப்பந்திகளில் மூன்றில் இரு பங்கினர் கறுப்பு இனத்தவர். அந்த இனத்து வாடிக்கைக்காரர்கள் உணவை வாங்கிக்கொண்டு போகலாம். மேஜையில் உட்காரக் கூடாது. 1964-ம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்று கடைக்காரர் வழக்காடினார். அவ்வருஷம் டிசம்பர் 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

கோர்ட்டார் சொன்ன காரணந்தான் விசித்திரம். மனிதனுக்கு நேர்ந்த அவமானத்தின்மேல் தீர்ப்பு நிற்கவில்லை. கடையின் இறைச்சி பெரும்பாலும் வெளி மாகாணங்களிலிருந்து வந்தது. ஆகவே விஷயம் மாகாணங்களுக்கிடையேயான வியாபாரத்தைச் சேர்ந்தது என்றார்கள். இறைச்சி எல்லை தாண்டி வந்ததால் மனிதன் வாசல் தாண்டி உள்ளே வந்தான்!

2018-ல் தென்கிழக்கு அமெரிக்காவின் சிறந்த சமையற்கலைஞருக்குரிய ஜேம்ஸ் பியர்டு விருது ராட்னி ஸ்காட் என்ற கறுப்பு இனத்தவருக்குக் கிடைத்தது. தெற்குக் கரோலினாவின் ஹெமிங்வே என்ற சிற்றூரில், பதினோராவது வயதில் முதல் பன்றியை வாட்டியவர் அவர். அவர் தெளிப்பதும் அதே காடி, மிளகாய்ச் சாறுதான்.