உங்க அவசரத்துக்கும் பில் போடுவாங்க!

மதுரையிலிருந்து மூணாறுக்கு பைக்ல போனப்போ, தேனி பக்கத்துல கிளட்ச் கேபிள் அறுந்துருச்சு. ஷோரூம் சர்வீஸ்ல 600 ரூபாய்னு வாய்வார்த்தையா சொன்னாங்க. சாயங்காலம் கேட்டது 1,850. செயின் க்ளீனிங், வாட்டர் வாஷ், ஜெனரல் செக்கப்னு சேர்த்துட்டாங்க. "இதெல்லாம் நான் சொன்னேனா? ஜாப் கார்டைக் காட்டுங்க, ஜிஎஸ்டி பில் கொடுங்க"ன்னதும் 680-க்கு இறங்கிட்டாங்க. பக்கத்துல குடும்பத்தோட நின்னவர், இருட்டுறதுக்குள்ள ஊர் போகணும்னு கேட்ட காசைக் கட்டிட்டுப் போனார்.

வெளியூர்ல நம்ம அவசரம்தான் அவங்க லாபம். வண்டியை விடும்போதே வேலையையும் தொகையையும் ஜாப் கார்டுல எழுதி வாங்குங்க. பில் தராம இருப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பத்து நிமிஷம் தாமதமானாலும் கேட்டுட்டே கிளம்புங்க.