அந்த மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்

போன மாசி மாதம் என் நண்பன் சென்னையிலிருந்து வந்திருந்தான். வங்கியில் முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் நாங்கள். ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை, முழங்கால் வலி, பேரப்பிள்ளைகள் என்று ஆளுக்கொரு திசையாகிவிட்டோம்.

"நாலு நாள் உன் ஊருக்கு வர்றேன். கோயில், தீர்த்தம் எல்லாம் ஏற்கெனவே ஆச்சு. ஒரு படகைப் பிடிச்சுத் தீவு தீவாப் போகணும், மணல்ல படுக்கணும், அவ்வளவுதான்" என்று போனில் சொன்னான். மகன் அவனை மாலத்தீவுக்கு அழைத்துப் போனபோது அப்படித்தான் இருந்தானாம். நானும் சந்தோஷத்தில் "வாடா" என்று சொல்லிவிட்டேன். இங்கே அப்படிப் போக முடியாது என்பதை அப்போதே சொல்லாதது என் தப்பு.

மண்டபம் தெற்குக் கரையில் நின்றால் எதிரே முயல் தீவு பச்சைக் கோடு மாதிரி தெரியும். முதல் நாள் காலையில் அதைக் காட்டி, "எத்தனை மணிக்குப் படகு?" என்றான். விஷயத்தைச் சொன்னேன். தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் வரிசையாக 21 தீவுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனவை. நினைத்தபடி இறங்க முடியாது. குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குப் போய் வரலாம், அவ்வளவுதான்.

போய் வந்தோம். அரியமான் கடற்கரை, தனுஷ்கோடி, அரிச்சல்முனை எல்லாம் பார்த்தோம். ஆனாலும் அவன் முகம் தெளியவில்லை. ஊருக்குப் போன பத்தாம் நாள் ஒரு மனு வந்தது. "தீவுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிட வேண்டும்" என்று ஆட்சியருக்கு எழுதி, எங்கள் ஓய்வூதியர் நண்பர்கள் இருபது பேரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டான். இருபத்தோராவது கையெழுத்து என்னுடையதாம். நான் உள்ளூர்க்காரன் என்பதால் அதற்குத்தான் மதிப்பு அதிகமாம்.

போட மாட்டேன். ஏன் என்பதை அவனுக்கும், கையெழுத்துப் போட்டுவிட்ட மற்ற நண்பர்களுக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மனுவின் முதல் வாதம்: "மாலத்தீவு சம்பாதிக்கிறதே!" மாலத்தீவில் ஆயிரத்துக்கு மேல் தீவுகள். நமக்கு இருந்தது 21. "இருந்தது" என்றுதான் சொல்ல வேண்டும். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகளும் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு 1969-ல் 20 ஹெக்டேர். 2015-ல் 2 ஹெக்டேர்கூட இல்லை. அலையைத் தடுக்கச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி அதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். நோயாளி படுத்திருக்கும் அறையில் போய்க் கல்யாணப் பந்தி போடலாமா?

இரண்டாவது வாதம்: "நாலு பேர் மணலில் நடந்தால் என்ன குறைந்துவிடும்?" நாலு பேர் என்றால் ஒன்றும் குறையாது. ஆனால் நாலு பேரோடு எது நின்றிருக்கிறது? தாய்லாந்தில் மாயா விரிகுடா என்று ஒரு சின்னக் கடற்கரை. ஒரு ஆங்கிலப் படத்தில் வந்ததால் உலகமே அங்கே போய் இறங்கியது. பவளப்பாறை நாசமாகி, 2018-ல் அரசாங்கமே மூடியது. மூன்றரை வருடம் கழித்து, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். அதுவும் ஆள் கணக்கோடு. உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. ஒரு நங்கூரம் விழுந்தால் நம் வயதுக்கு வளர்ந்தது ஒரு நொடியில் போய்விடும். 2010, 2016 வருடங்களில் கடல் சூடேறி இங்குள்ள பவளம் வெளுத்ததையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் இல்லை. என் தாத்தா கட்டிய வீட்டின் அஸ்திவாரம் முருகைக்கல். முருகைக்கல் என்றால் பவளப்பாறைதான். சுவருக்குப் பூசிய சுண்ணாம்பும் அதைக் காளவாயில் சுட்டு எடுத்ததே. தோணி தோணியாக வெட்டி வந்தார்கள். தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. தீவுக்கு வேலி மாதிரி நின்ற பாறையை நாம் வெட்டி எடுத்தோம், வேலி போனதும் அலை வந்து தீவைத் தின்றது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். கடைசிக் காலத்தில் இந்தக் கையால் இன்னொரு கையெழுத்தும் போட வேண்டுமா?

மூன்றாவது வாதம்தான் என்னைக் கோபப்படுத்தியது: "உள்ளூர் மக்களுக்கு வேலை கிடைக்கும்." உள்ளூர் மக்கள் யார் என்று பார்ப்போம். பாம்பன் பக்கத்தில் சின்னப்பாலம் என்று ஒரு ஊர். அங்குள்ள பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுப்பவர்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு முங்குவார்கள். ரம்ஜானுக்குக் கடல்பாசி காய்ச்சுகிறோமே, அது மரிக்கொழுந்துப் பாசி போன்றவற்றிலிருந்து வருவது. தீவுகள் பூங்கா ஆன பிறகு கெடுபிடி வந்தது. பிறந்ததிலிருந்து போன கடலில் திருடிகள் மாதிரி போய்வர வேண்டியதாயிற்று. அவர்கள் சண்டைக்கு நிற்கவில்லை. சங்கமாகச் சேர்ந்து, மாதத்தில் சில நாட்கள்தான் எடுப்போம், பாசி வளரும் பருவத்தில் கடலுக்குப் போக மாட்டோம் என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தை நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு பரிசு கொடுத்தது. தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் பரிசு அது.

பாசி எடுத்துப் பிழைத்தவளுக்கு அங்கே அனுமதி இல்லை. மணலில் படுக்க வரும் எனக்கும் உனக்கும் திறந்துவிட வேண்டுமா? அவளுக்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்று நினைக்கிறாய்? தன் கடலைப் பார்த்தபடி நமக்குப் பாத்திரம் கழுவும் வேலை. என்றைக்காவது அந்தத் தீவுகள் யாருக்காவது திறக்கப்பட வேண்டும் என்றால், வரிசையில் முதலில் நிற்க வேண்டியவள் அவள். நாம் கடைசி.

அப்படியானால் வயதானவர்கள் ஓய்வாகக் கடல் பார்க்கவே கூடாதா? தாராளமாகப் பார்க்கலாம். தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காடு இருக்கிறது. ஊர்மக்களும் வனத்துறையும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போகிறார்கள். நாம் கொடுக்கும் காசு அந்த ஊருக்கே போகிறது. சாப்பாடும் அங்கேயே கிடைக்கும்.

இன்னொன்றும் என் நண்பனுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். நாலாம் நாள் சாயங்காலம் மண்டபம் கரையில், வலை காயப்போடும் இடத்தில், கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் மேல் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேருக்கும் கால் வலி. சுக்குக் காபி வாங்கி வந்தேன். எதிரே முயல் தீவு மெல்ல இருட்டிக்கொண்டிருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டது முதல் உன் மனைவி போய்ச் சேர்ந்தது வரை இரண்டு மணி நேரம் பேசினாய். "இப்படி உக்காந்து எத்தனை வருஷமாச்சுடா" என்று நீதான் சொன்னாய்.

அன்றைக்கு நாம் எந்தத் தீவிலும் கால் வைக்கவில்லையே, என்ன குறைந்தது?

மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இன்னும் அவன் போன் செய்யவில்லை. கோபம் தீர்ந்ததும் செய்வான். அடுத்த மாசிக்கும் வரச் சொல்வேன். அதே வள்ளம் அங்கே கிடந்தால் அதே இடத்தில் உட்காரலாம்.