கம்பி கசிந்தால் யார் பொறுப்பு?

வீட்டுக்கு வீடு மின்கம்பி வந்திருக்கிறது. அதே கம்பி வழியாக இணையத்தையும் அனுப்பிவிட்டால் என்ன? தெருவைத் தோண்ட வேண்டாம், புதிதாகக் கம்பம் நட வேண்டாம். சுவரில் உள்ள பிளக்கில் ஒரு சிறு பெட்டியைச் செருகினால் போதும். கேட்பதற்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது! 2004-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் இதற்கென விதிகளை வகுத்து வழிவிட்டது. மறு ஆண்டே வர்ஜீனியா மாநிலத்தின் மனாசஸ் என்னும் சிறு நகரம் ஊர் முழுவதற்கும் இச்சேவையைத் தொடங்கியது. 2010-இல் அதே நகரம் அதை மூடியும் விட்டது.

இடையில் நடந்தது என்ன? அதைத் தெரிந்துகொள்ளச் சிறிது இயற்பியல் வேண்டும்.

அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 60 சுற்றுகளாக முன்னும் பின்னும் அலைகிறது. ஒளியின் வேகமான 3 லட்சம் கிலோமீட்டரை 60-ஆல் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் 5,000 கிலோமீட்டர்! இதன் முன்னே தெருக்கம்பி ஒரு தூசு. ஆகவே மின்சாரம் சமர்த்தாகக் கம்பிக்குள்ளேயே இருக்கிறது. அலையாக வெளியே பரவுவதில்லை. இணையச் செய்தியோ 1.7 முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் ஏற்றப்பட்டது. 15 மெகாஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொண்டால் அலைநீளம் 20 மீட்டர்தான். இரண்டு கம்பங்களுக்கு இடையே தொங்கும் கம்பியே அதைவிட நீளமாக இருக்கும். அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க நீளமுள்ள கம்பிக்கு வேறொரு பெயர் உண்டு: ஏரியல்!

தொலைபேசிக் கம்பியிலும் இணையம் போகிறதே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கியிருப்பார்கள். ஒன்றிலிருந்து கிளம்பும் புலத்தை மற்றொன்றின் புலம் பெரும்பாலும் அழித்துவிடும். டெலிவிஷன் கேபிளுக்கு உலோக வலைப் போர்வை உண்டு. மின்கம்பிகளுக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் கிடையாது. அவை இடைவெளி விட்டுத் தொங்குகின்றன. வழியில் மின்மாற்றி, தெருவிளக்கு, வீட்டுக்குப் பிரியும் கிளை என்று எத்தனையோ குறுக்கிடுகின்றன. வீட்டுக்குள் சுவிட்சுக்கு ஒரு கம்பி மட்டும் தனியே இறங்கி ஏறுகிறது. கட்டியவர்கள் மீது குற்றமில்லை. அவர்கள் விளக்கு எரிவதற்காகக் கட்டினார்கள். அதில் உயர் அதிர்வெண்ணை அனுப்பியது சல்லடையில் தண்ணீர் மொண்ட கதைதான்.

சரி, கசிந்தால் கசியட்டுமே, யாருக்கு நஷ்டம்? 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதிதான் சிற்றலை. மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, இடையில் எந்தக் கோபுரமும் துணைக்கோளும் இல்லாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்லும் தன்மை இதற்கு உண்டு. வெளிநாட்டு ஒலிபரப்புகள், நடுக்கடலில் கப்பல்கள், பெருங்கடல் மேல் பறக்கும் விமானங்கள், ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியினர் எல்லோரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தது. மற்றத் தொடர்புகள் அறுந்த நேரத்தில் அவர்களுடைய சிற்றலைக் கருவிகள்தாம் உறவினர்களுக்குச் செய்தி கொண்டுசென்றன. அப்படி வந்து சேரும் குறிகையின் வலிமை சில மைக்ரோவோல்ட்களாக இருக்கலாம். கேட்பவரின் வீட்டு வாசலிலேயே கம்பி இரைந்துகொண்டிருந்தால், அனுப்பியவர் எவ்வளவு திறமையாக அனுப்பியும் பயனில்லை.

மனாசஸ் நகர ஹாம்கள் ஆணையத்துக்குத் திரும்பத் திரும்பப் புகார் எழுதினார்கள். 'பொழுதுபோக்குக்காக வானொலி வைத்திருக்கும் சிலருக்காக ஊருக்கே இணையம் வேண்டாம் என்பதா?' என்று எதிர்வாதம் எழுந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இணையத்துக்கு வேறு பாதைகள் இருக்கின்றன. அயனி மண்டலம் வழியாகச் செல்லும் அலைக்கு வேறு பாதை கிடையாது. தவிரவும், சட்டம் தெளிவாகவே இருந்தது. ஹாம்கள் தேர்வு எழுதி உரிமம் பெற்றவர்கள். மின்கம்பி இணையமோ உரிமம் இல்லாமல் இயங்க அனுமதிக்கப்பட்ட சாதனம். அது உரிமம் பெற்றவர்களுக்குத் தீங்கான குறுக்கீடு செய்யக்கூடாது என்பதே நிபந்தனை. ஆனால் நடைமுறையில் குறுக்கீடு இருக்கிறது என்று காட்டும் சுமை, கேட்க முடியாமல் தவித்தவர்கள் தலையில்தான் விழுந்தது. இது தலைகீழ் நியாயம். இரைச்சல் போடுகிறவரே அளந்து காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

அளப்பதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. இதை நிதானமாகப் படியுங்கள். ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நல்லது. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, 30 மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 30 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் கசியக்கூடாது என்பது விதி. தெருவில் எல்லா இடத்திலும் 30 மீட்டர் தள்ளி நின்று அளக்க முடியுமா? அருகே நின்று அளந்து, தொலைவில் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட வேண்டும். தூரம் 10 மடங்கானால் புலம் 40 டெசிபல், அதாவது நூறில் ஒரு பங்காகக் குறையும் என்று ஆணையம் வைத்துக்கொண்டது. அப்படியானால் 3 மீட்டரில் 3,000 மைக்ரோவோல்ட் வரை இருக்கலாம். அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். இதை மறுத்தது. குறைவது 20 டெசிபலுக்கு அருகேதான், அதாவது பத்தில் ஒரு பங்குதான் என்றது. அப்படியானால் 3 மீட்டரில் 300-தான் இருக்கலாம். ஒரே கம்பி, ஒரே கருவி; ஓர் எண்ணை மாற்றினால் பத்து மடங்கு சலுகை!

எது சரி? குண்டு பல்பை விட்டு விலகினால் வெளிச்சம் விரைவில் மங்கும். நீண்ட குழல்விளக்குகளை வரிசையாக மாட்டி, அவற்றை விட்டு விலகிப் பாருங்கள். அத்தனை விரைவில் மங்காது. தெரு நெடுக ஓடும் கம்பி எந்த வகை என்பதை நீங்களே சொல்லுங்கள்.

ஏ.ஆர்.ஆர்.எல். நீதிமன்றம் சென்றது. ஆணையத்தின் சொந்தப் பொறியாளர்களே செய்த ஆய்வுகளை ஆணையம் வெளியிட்டபோது, அவற்றின் சில பகுதிகளை மறைத்துவிட்டது அப்போது வெளிப்பட்டது. 2008 ஏப்ரலில் வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், மறைத்த பகுதிகளை வெளியிட வேண்டும், 40 டெசிபலைத் தேர்ந்ததற்குக் காரணமும் கூற வேண்டும் என்று உத்தரவிட்டது. விதிகள் தவறு என்று அது தீர்ப்பளிக்கவில்லை. 'கணக்கைக் காட்டு' என்றது, அவ்வளவுதான். உங்கள் கணக்கு ஆசிரியர் விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் தருவாரா? 2011-இல் ஆணையம் 40 டெசிபலையே மீண்டும் உறுதி செய்தது. ஆனால் குறிப்பிட்ட அலைவரிசைகளில் கசிவைத் தணிக்கும் அளவை 20 டெசிபலிலிருந்து 25 டெசிபலாக உயர்த்தியது. அதற்குள் மனாசஸ் சேவை நின்று ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அதை வானொலிக்காரர்கள் கொன்றுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். கம்பியில் குறிகை விரைவில் தேய்ந்துவிடுவதால் வழிநெடுகப் பெருக்கிகள் வைக்க வேண்டியிருந்தது. தொலைபேசிக் கம்பியும் கேபிளும் ஒளியிழையும் மலிவாகவும் வேகமாகவும் முந்திவிட்டன. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் இதே முயற்சியைத் தொடங்கியவர்கள் 1999-லேயே கைவிட்டிருந்தார்கள். மின்கம்பியில் செய்தி அனுப்புவதே பாவம் என்றும் நான் சொல்லவில்லை. துணைமின் நிலையங்களுக்கு இடையே உயரழுத்தக் கம்பிகளில் தாழ்ந்த அதிர்வெண்களில் செய்தி அனுப்புவது பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. அதிர்வெண்தான் விஷயம்.

இன்றும் வீட்டுக்குள் அறைக்கு அறை மின்கம்பி வழியே இணையம் அனுப்பும் பெட்டிகள் விற்பனையில் உள்ளன. அவற்றைவிடப் பெரிய தொல்லை, தரம் குறைந்த எல்.இ.டி. விளக்குகளும் சார்ஜர்களும்தான். பாட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டி ஒன்று கிடைத்தால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். வீட்டு விளக்குகளையும் சார்ஜர்களையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டு, பெட்டியை அருகே கொண்டுபோங்கள். எதையும் கழற்ற வேண்டாம். மின்கம்பத்தின் பக்கம் போகவே வேண்டாம். எந்த விளக்கு இரைகிறது, எத்தனை அடி வரை கேட்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு அதே விளக்கைப் பக்கத்து அறையில் மாட்டி, மறுபடியும் அளந்து பாருங்கள்.