புதுப் பையன் தேறுவானா?



டென்வரில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் மீன் வாங்கப் போவேன், மாலையில் கடற்கரைச் சாலையில் நடப்பேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் அமெரிக்கன் ஃபுட்பால். மருமகனும் பத்தாம் வகுப்பு படிக்கும் பேரனும் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் அசைய மாட்டார்கள். நம்மூர்க் கால்பந்து பார்த்து வளர்ந்த எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பந்தைக் காலால் தொடுவதே அபூர்வம், இதற்கு எப்படி ஃபுட்பால் என்று பெயர் வைத்தார்கள் என்று கேட்டுச் சிரித்தேன். இப்போது நானும் மூன்றாவது ஆளாக உட்கார்ந்துவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒரு பக்கத்துக்கு 11 பேர். 4 முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் 4 முயற்சி கிடைக்கும். ஆட்டத்தை நடத்துபவர், பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவர் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு எதிராளிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுபவர் ரன்னிங் பேக். அவருக்கு முன்னால் ஆஜானுபாகுவான ஐந்து பேர் நின்று, எதிரிகளைத் தள்ளி வழி திறந்துவிடுவார்கள்.

போன வாரம் வீட்டில் நடந்த சண்டை, புதிதாக வந்திருக்கும் ஒரு ரன்னிங் பேக்கைப் பற்றியது. "ரெண்டு மேட்ச் பாத்தாச்சு தாத்தா, இவன் வேஸ்ட்" என்றான் பேரன். "இல்ல மாமா, 40 யார்டு ஓடின நேரத்தைப் பாருங்க, கண்டிப்பா தேறிடுவான்" என்றார் மருமகன். ஒருவருக்கு இரண்டு மேட்ச், இன்னொருவருக்கு ஸ்டாப்வாட்ச். இரண்டுமே போதாது என்பது என் கட்சி.

மருமகன் சொல்லும் கணக்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? கல்லூரி ஆட்டக்காரர்களை ஆண்டுதோறும் இண்டியானாபோலிஸ் நகரில் கூட்டிவைத்து அளக்கிறார்கள். 40 யார்டு ஓட்டம், உயரத் தாண்டுவது, 225 பவுண்டு எடையை எத்தனை முறை தூக்குகிறார் என்பது, எல்லாம் குறிப்பில் ஏறும். அதன் பிறகு அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிறிஸ் ஜான்சன் 2008-ல் 40 யார்டை 4.24 வினாடியில் ஓடினார், அடுத்த ஆண்டே ஒரு சீசனில் 2,006 யார்டு எடுத்தார். ஆனால் வேகம் போதாது என்று பேசப்பட்ட எம்மிட் ஸ்மித் 1990-ல் 17-ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். அவர் மொத்தம் ஓடிய 18,355 யார்டை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. மேட்ச்சில் யாரும் 40 யார்டை வெட்டவெளியாக விட்டுக் கொடுப்பதில்லையே!

இந்த ஊர்க்காரர்கள் மறக்காத ஆண்டு 1995. அந்த டிராஃப்டில் முதல் ஆளாகப் போனவர் கி-ஜானா கார்ட்டர் என்ற ரன்னிங் பேக். அவரைப் பிடிப்பதற்காகவே சின்சினாட்டி அணி இன்னோர் அணியிடமிருந்து முதலிடத்தை மாற்றி வாங்கியது. சீசன் தொடங்குமுன் நடந்த பயிற்சி ஆட்டத்தில், மூன்றாவது முறை பந்தை வாங்கி ஓடும்போது முழங்கால் போயிற்று. அந்த ஆண்டு முழுவதும் ஆடவில்லை. பிறகு வந்தும் வாழ்நாளில் அவர் எடுத்தது 1,144 யார்டுதான்.

அதே டிராஃப்டில் 196-ஆவது ஆளாக டென்வர் எடுத்தவர் டெரல் டேவிஸ். அணியில் இடம் கிடைக்குமா என்பதே சந்தேகம். அப்போது டோக்கியோவில் ஒரு பயிற்சி ஆட்டம். பந்தை எதிரணிக்கு உதைத்துவிட்டு, அதைப் பிடித்து ஓடி வருபவரைத் தடுக்கும் எடுபிடி வேலைக்கு இவரை இறக்கினார்கள். ஓடி வந்தவரை இவர் மோதி வீழ்த்திய வேகத்தைப் பார்த்துத்தான் பயிற்சியாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கவனியுங்கள், அவர் கையில் அப்போது பந்தே இல்லை. அந்த ஆண்டு 1,117 யார்டு. 1998-ல் 2,008 யார்டு. அணிக்கு அடுத்தடுத்து இரண்டு சூப்பர் பௌல் வெற்றி.

இங்கே பேரன் குறுக்கிட்டான். "அது டென்வர் லைன் தாத்தா! முன்னால நின்ன அஞ்சு பேர் அவ்ளோ நல்லா வழி விட்டாங்க. யார் ஓடினாலும் ஓடியிருப்பாங்க."

பையன் சொன்னதில் பாதி உண்மை. 1999-ல் டேவிஸ் முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்தபோது ஒலாண்டிஸ் கேரி என்ற புதியவர் அதே இடத்தில் 1,159 யார்டு எடுத்தார். அடுத்த ஆண்டு இன்னொரு புதியவர், மைக் ஆண்டர்சன், 1,487. 2002-ல் வந்த கிளின்டன் போர்ட்டிஸ் 1,508. ஆனால் மிச்சப் பாதியையும் பார்க்க வேண்டும். கேரி அதன்பின் ஒரு சீசனில்கூட ஆயிரத்தைத் தொடவில்லை. போர்ட்டிஸோ 2004-ல் வாஷிங்டன் அணிக்கு மாறிப் போயும் முதல் ஆண்டிலேயே 1,315 யார்டு எடுத்தார். ஒருவருக்கு வழி கிடைத்தது. இன்னொருவருக்கு வழி தெரிந்திருந்தது.

அண்மைக் கணக்கும் உண்டு. சாக்வான் பார்க்லி 2023-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் 962 யார்டு. அடுத்த ஆண்டு, முன்வரிசை பலமாக இருந்த ஃபிலடெல்ஃபியா போனார், 2,005 யார்டு. ஒரே ஆண்டில் ஆள் மாறிவிடவில்லை, முன்னால் நின்றவர்கள் மாறினார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பழைய குற்ற உணர்ச்சி வருகிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் மேல்நிலை எழுத்தராக இருந்தபோது எங்கள் பிரிவுக்கு ஓர் இளைஞர் புதிதாக வந்தார். தகுதிகாண் பருவம். அவர் மேசையில் கோப்புகள் தேங்கின. ஆறு மாதம் கழித்து அதிகாரி என்னிடம், "பையன் எப்படி?" என்று கேட்டார். "சுமார்தான் சார், கை மெதுவு" என்றேன். ஒரே வாக்கியம். அவருடைய தகுதிகாண் பருவம் ஓராண்டு நீண்டது. பிறகுதான் தெரிந்தது, அவருக்கு முன் மேசைக்காரர் கோப்புகளை மாலை நாலரை மணி வரை தன்னிடமே வைத்திருந்து ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடுவார் என்று. அந்த மேசை என் மேசைக்கு எதிரில்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை. அவர் கடைசிவரை என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டார்.

அதனால்தான் பேரனிடம் சொன்னேன்: ஆளை மட்டும் பார்க்காதே, அவனுக்கு முன்னால் நிற்பவர்களையும் பார். இரண்டையும் பிரிக்க நல்ல வழி ஒன்று உண்டு. அதே வரிசைக்குப் பின்னால் ஓடும் சக ஆட்டக்காரனோடு ஒப்பிடு. 2012-ல் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்ட ட்ரென்ட் ரிச்சர்ட்சன் முதல் ஆண்டு 950 யார்டு எடுத்தார். பார்க்க நல்ல எண். ஆனால் ஓட்டத்துக்குச் சராசரி 3.6 யார்டுதான். விலா எலும்பு அடியோடு ஆடினார் என்று மன்னித்தார்கள். அதுவும் நியாயமே. அடுத்த ஆண்டு இண்டியானாபோலிஸ் அணி அவரை வாங்கியது. அங்கே அவர் சராசரி 2.9. அதே அணியில், அதே ஐவருக்குப் பின்னால் ஓடிய டொனால்ட் பிரௌனின் சராசரி 5.3. அதற்கு மேல் லைனைக் குறை சொல்ல முடியவில்லை. 2014-க்குப் பிறகு ரிச்சர்ட்சன் என்.எஃப்.எல். சீசனில் ஆடவேயில்லை.

இன்னும் இரண்டு விஷயம் பார்க்கச் சொன்னேன். ஒன்று, பந்து தன்னிடம் வராதபோது என்ன செய்கிறான்? குவார்ட்டர்பேக் பந்தை எறியத் தயாராகும்போது பாய்ந்து வரும் எதிரியை ரன்னிங் பேக் நடுவில் நின்று தடுக்க வேண்டும். தவறினால் அடிபடுவது குவார்ட்டர்பேக். புதியவர்கள் பலரை முக்கியமான மூன்றாவது முயற்சியில் வெளியே உட்கார வைப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

இரண்டு, அவனிடம் உள்ள குறை திருத்தக் கூடியதா? டிக்கி பார்பர் என்பவர் பந்தைக் கை நழுவவிடுவதில் பெயர் பெற்றவர். 2004-ல் டாம் கஃப்லின் பயிற்சியாளராக வந்தபின், பந்தை நெஞ்சோடு உயர்த்திப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு 1,860 யார்டு எடுத்தார். பிடியைக் கற்றுக்கொடுக்கலாம். இடைவெளி திறக்கும் வரை அரை நொடி பொறுத்து, திறந்ததும் பாயும் கண்ணைக் கற்றுக்கொடுப்பது கடினம்.

"இவ்ளோ பொறுமையா பாத்துட்டிருந்தா அவன் காலமே முடிஞ்சிரும் மாமா" என்றார் மருமகன். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் மோதி விழும் உடம்பு அது. டெரல் டேவிஸ் வாழ்நாளில் ஓடிய 7,607 யார்டில் 6,413 முதல் நான்கு ஆண்டுகளில் வந்தது. அதன்பின் கால் இடம் கொடுக்கவில்லை. அந்தக் குறுகிய காலத்துக்காகவே 2017-ல் அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். புதியவர்களின் முதல் ஒப்பந்தமே நான்கு ஆண்டுதான். ஆகவே பத்து ஆண்டு காத்திருக்கச் சொல்லவில்லை. ஒரு சீசன் பாருங்கள். காலம் குறைவாக உள்ளவனைப் பற்றித் தவறாகத் தீர்ப்புச் சொன்னால் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க நம்மிடம் எதுவும் இருக்காது. அரசு வேலையிலாவது 58 வயதுவரை அவகாசம் இருந்தது.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் 20-க்கு 9 வாங்கினால் முசியே மதிப்பெண் அட்டையில் "பெ மியே ஃபேர்" என்று எழுதுவார். இன்னும் நன்றாகச் செய்யக்கூடியவன் என்று பொருள். அப்பா அதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டு அடிப்பார். பாதி திட்டு, பாதி நம்பிக்கை என்று எனக்கு இந்த வயதில்தான் படுகிறது. அந்த இளைஞரைப் பற்றிக் கேட்டபோது அந்த மூன்று சொல்லையாவது நான் சொல்லியிருக்கலாம்.

பேரன் இப்போது ஒரு நோட்டு போட்டிருக்கிறான். புதுப் பையனின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பக்கத்தில், "லைன் வழி விட்டதா?" என்று ஒரு கட்டம். நேற்று அதில் ஏழு "இல்லை" இருந்தது. வேஸ்ட் என்ற பேச்சு இந்த வாரம் வரவில்லை.

சீசன் ஜனவரியில் முடிகிறது. தீர்ப்பை அப்போது எழுதுகிறேன். நீங்களும் யாரையாவது அவசரப்பட்டு எடைபோட்ட கதை இருந்தால் எழுதுங்கள். நான் மட்டும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.