செங்கலடிச் சந்தியில் நின்று ஓர் ஆங்கிலப் பாடம்

 

தவணைப் பரீட்சை நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு சத்தம் கேட்கும். "ட்ரையாங்கிள் என்றால் முக்கோணம், ட்ரையாங்கிள் என்றால் முக்கோணம்..." பிள்ளை இருபது சொல் பாடமாக்கும். பரீட்சை முடிந்து இரண்டு கிழமையில் பாதியும் மறந்து போகும். பிறகு "எனக்கு இங்கிலீஷ் ஓடாது" என்று தானே முடிவெடுத்துவிடும். குற்றம் பிள்ளையில் இல்லை. பட்டியலைக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்லும் ஆசிரியர்களாகிய எங்களிடமும் இருக்கிறது.

"ட்ரை" என்றால் மூன்று. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் போதும். மூன்று கோணம் ட்ரையாங்கிள். மூன்று சில்லு ட்ரைசிக்கிள். கமரா வைக்கும் மூன்று கால் ட்ரைபொட். மூன்று மொழி ட்ரைலிங்குவல். கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்குச் சொல்லும் ட்ரைமெஸ்டர், மூன்று மாதம்.

இது நமக்குப் புதிதா? தமிழில் "மு" இதே வேலையைத்தான் செய்கிறது: முக்கோணம், முக்காலி, முச்சக்கரவண்டி, மும்மொழி. ஓட்டோவுக்குச் சிங்களத்தில் "த்ரிரோத ரத". மிட்வைஃப் தரும் திரிபோஷாவிலும் அதே "திரி". சமஸ்கிருதத்தின் "திரி"யும், இலத்தீன், கிரேக்கம் வழியாக ஆங்கிலத்துக்குப் போன "ட்ரை"யும் ஒரே மொழிக் குடும்பம்.

மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளைக்கு இது இன்னும் இலேசு. ஸலாஸா மூன்று. ஸுலுஸ் மூன்றில் ஒன்று. வஸிய்யத் பாடத்தில் வரும். முஸல்லஸ் முக்கோணம். அரபு வேறு மொழிக் குடும்பம்தான். ஆனால் வேரைப் பிடித்தால் சொல் தானாக வரும் என்ற பழக்கம் நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆங்கில வகுப்பு வாசலில் கழற்றி வைக்கச் சொல்கிறோமே, அதுதான் தவறு.

நம் சந்தியையே பாருங்கள். ஒரு வீதி ஏறாவூர் வழியாக மட்டக்களப்புக்கு, ஒன்று வாழைச்சேனைக்கு, ஒன்று பதுளைக்கு. இப்படி மூன்று வீதி கூடும் இடத்துக்கு இலத்தீனில் "ட்ரிவியம்" என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் "ட்ரிவியல்": சந்தியில் கிடக்கும் சாதாரண விசயம். சந்தியில் நின்று சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளை மறக்கும்?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "ட்ரி" என்று தொடங்குவதெல்லாம் மூன்றல்ல. ட்ரிப், ட்ரிக் இரண்டிலும் மூன்று இல்லை. ட்ரிங்கோமலியின் தொடக்கமும் திருகோணமலையின் "திரு"தான். எனவே ஊகித்த பிறகு அகராதியைப் பார்க்கப் பழக்க வேண்டும்.

2012ஆம் ஆண்டை மும்மொழி இலங்கைக்கான ஆண்டு என்று அரசாங்கம் பிரகடனம் செய்தது. ஆண்டு போய்விட்டது. மூன்று மொழியும் தெரிந்த பிள்ளைக்கு உள்ள தேவை போகவில்லை. நேர்முகப் பரீட்சைக்குப் போய்த் திரும்பிய நம் இளைஞர்களைக் கேட்டால் தெரியும்.

ஆகவே ஆசிரியர்களாகிய நாங்கள் நாளுக்கு இருபது சொல் என்பதை விட்டு, கிழமைக்கு ஒரு வேர் என்று தொடங்குவோம். உம்மாமாரே, வாப்பாமாரே, "எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது" என்று ஒதுங்க வேண்டாம். முக்காலியைக் காட்டி "இதற்கு ஏன் இந்தப் பேர்?" என்று கேளுங்கள். உங்களிடம் உள்ள தமிழே பாதிப் பாடம். மீதியை வகுப்பில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.