வாயில்லா ஜீவனும் சிப்ஸ் பாக்கெட்டும்

லீவு விட்டா குடும்பத்தோட மலையேறுற மகாஜனங்களே, ஒரே ஒரு கேள்வி. குரங்குக்கு சிப்ஸ் போடுறதுல அப்படி என்னதான் சுகம்?

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. பொங்கல் லீவுல நாங்களும் போனோம். பாதி வளைவுல ஏதாவது ஒரு வேன் நடுரோட்டுல நிக்குது. கண்ணாடிய இறக்கி, குழந்தை கையாலயே முறுக்கு போட வைக்கிறாங்க. கேட்டா, "வாயில்லா ஜீவன் தம்பி, புண்ணியம்!" (எங்க பெரியப்பாவும் இதே கட்சி. வண்டிக்குள்ள பெரிய சண்டை.)

என்னங்க புண்ணியம்? காட்டுல அதுக்கு பழம் இருக்கு, பூச்சி இருக்கு. நீங்க போட்ட முறுக்கைப் பொறுக்க ரோட்டுக்கு வருது, பின்னாடி வர்ற பஸ் ஏத்திட்டுப் போகுது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டா உலகத்துல வேற எந்தக் காட்டுலயும் இல்லாத சிங்கவால் குரங்கு, வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் இருக்கு. மரத்தை விட்டு இறங்குறதே அபூர்வமான ஜென்மம் அது. அதையும் ரோட்டோரம் குப்பை கிளற வெச்சாச்சு.

ஒன்பதாவது வளைவுல வரையாடு நின்னா அதோட செல்ஃபி. நம்ம மாநில விலங்காம், தோள்ல கை போடாத குறை!

இத்தனையும் 'விலங்குகளுக்கு உணவளிக்காதீர்' போர்டுக்குக் கீழயே நடக்குது. அதே குரங்கு கைப்பையைப் பிடுங்கிட்டா மட்டும், "ஃபாரஸ்ட்காரன் என்னதான் பண்றான்?"