எதிரொலியும் சுதேசி ரப்பரும்

ஜவ்வாது மலைமீது காவலூரில் 1986-ஆம் வருஷம் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, நம் தேசத்தாரே வடிவமைத்து நிர்மாணித்தது. வானத்தை ஆராய ஒளி உதவுகிறது. கடல் நீரிலோ ஒளி சில நூறு மீட்டருக்குள் மங்கி மறைந்துவிடும். அங்கே கண்ணின் வேலையையும் சப்தமே செய்ய வேண்டும். அச்சப்தத்தை அளப்பதிலும் காவலூரின் வழியே நமக்கு உகந்த வழி.

நீரில் செல்லும் சப்தம் ஒரு பொருளில் பட்டால் எவ்வளவு திரும்பும் என்பதை அப்பொருளின் விறைப்பும் அடர்த்தியும் நிர்ணயிக்கின்றன. இவ்விரண்டாலும் அமையும் சப்தத் தடை, உருக்குக்கு நீரைப்போல் சுமார் 30 மடங்கு. ஆகவே கனத்த உருக்கு, தன்மேல் படும் சக்தியில் நூற்றுக்குச் சுமார் 88 பங்கைத் திருப்பிவிடும். விறைத்த பொருள் மட்டுமே எதிரொலிக்கும் என்று எண்ணுவது தவறு. விறைப்பு மிகமிகக் குறைந்த காற்று நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் திருப்புகிறது! நீரின் தடைக்கு ஒத்த தடையுள்ள ரப்பரே சப்தத்தை உள்ளே விடும். உள்ளே வந்ததை உஷ்ணமாக்கி அது விழுங்கவும் வேண்டும்.

இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மானியர், காற்றறைகள் கொண்ட 4 மில்லிமீட்டர் ரப்பரைச் சில நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் போர்த்தினர். அதன் பலன் ஆழத்துக்கும் வெப்பத்துக்கும் தக்கவாறு மாறியது. காரணம் யாதெனில், ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடி அறைகளை நசுக்குகிறது; குளிரிலோ ரப்பர் விறைக்கிறது. வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீருக்கென வகுத்த கலவை, வெதுவெதுப்பான வங்கக் கடலின் மேல்நீரிலும் அதே பலனைத் தரும் என்று நம்புவதற்கில்லை.

நிற்க. கேரளத்தில் இடுக்கி நீர்த்தேக்கத்தைச் சார்ந்த குளமாவில், சோனார் கருவிகளைச் சோதிப்பதற்கென, 100 மீட்டர் ஆழம்வரை இறக்கக்கூடிய மேடை 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் இம்முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் கருவியைச் சோதித்தால் மட்டும் போதாது. நம் ரப்பர்க் கலவைகளின் விறைப்பையும் ஆழந்தோறும், வெப்பந்தோறும் அளந்து அட்டவணையாக்க வேண்டும். இது ராணுவ ரகசியமாயிற்றே என்பார்கள். கலவையின் சூத்திரம் ரகசியமாக இருக்கட்டும். அளக்கும் வித்தை ரகசியமாக இருப்பானேன்? அதை நம் சர்வகலாசாலைகளுக்குக் கற்பிப்பது சர்க்காரின் கடமை. ரப்பர் விளையும் தேசம், அதன் குணத்தை அறிய அந்நியரின் அட்டவணையை எதிர்பார்த்திருப்பது அழகன்று.